விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர்: வன்னி வீடுகளுக்கு ஏற்றதா?

கிளிநொச்சி நகரில் உள்ள மருந்துக்கடை ஒன்றில் வாங்கி, சில காலமாக எங்கள் வீட்டில் பாவித்துவரும், குருதியில் உள்ள ஒட்சிசன் அளவைக் காட்டும் விரல் ஒக்சிமீற்றர் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டு வருத்தமோ, நாட்பட்ட சுவாச நோயோ, இதயப் பலவீனமோ உள்ளவர் இருக்கும் வீட்டில், அதிலும் மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்று பெரிய வைத்தியசாலைக்குத் தூரமான இடங்களில், இதை வாங்கி வைத்திருப்பது நன்று. ஆனால் அது காட்டும் இலக்கத்தை வாசிக்கப் பழகாமல் வாங்கினால், வைத்தியசாலைக்குப் போகவேண்டிய ஆளை வீட்டிலேயே படுக்கவைத்துவிடும் பொய்த் தைரியத்தையும் இதே கருவி தந்துவிடும்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள் நான். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரின் பக்கத்தில் நின்று, மயங்கிக் கிடப்பவரின் மூச்சையும் நாடியையும் கவனிப்பதே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி. ஆகவே கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ச்சல்மானிகளுக்குப் பக்கத்தில் இந்தக் கருவியைக் காணும்போதெல்லாம், இது எங்கிருந்து வந்தது, யாருக்காகச் செய்யப்பட்டது என்ற நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை. மூச்சுத் திணறுகிறது என்று தானாகச் சொல்ல முடியாத ஒருவரைக் காப்பதற்காகச் சத்திரசிகிச்சைக் கூடம் ஏற்றுக்கொண்ட கருவி இது. அதன் அடிப்படைத் தத்துவத்தைக் கண்டறிந்தவர் ஒரு யப்பானியர். அந்த நாட்டின் மயக்க மருத்துவ வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் இதன் பெறுமதியும் குறையும் சரியாக விளங்கும் என்பதால், இந்த மதிப்பீட்டில் அந்த வரலாற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

நான் வாங்கிய கருவியின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரே வடிவம், ஒரே திரை, ஒரே பொத்தான் கொண்ட உடலில் வேறுவேறு பெயர்களை ஒட்டி விற்கிறார்கள். பெயரைத் தேடி அலைவதால் பயனில்லை, வகையை அறிந்துகொண்டால் போதும். கடைக்காரத் தம்பி என்னை முன்பே அறிந்தவர். “மிஸ், கொரோனாவோட வந்த சாமான் இது. அதுக்கு முதல் ஒருத்தரும் கேட்டதே இல்லை” என்றார். அவர் சொன்னது கடை வியாபாரத்தைப் பொறுத்தவரை சரி. கொரோனாக் காலத்தில், மூச்சு வாங்குவது தெரியாமலே குருதியில் ஒட்சிசன் குறைந்துபோனவர்களைக் கண்டறிய இதைத்தான் உலகமே தேடியது.

கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு சிறிய ஏ.ஏ.ஏ. பற்றரிகளில் இயங்கும். கருவியின் வாயைத் திறந்து சுட்டுவிரலை நகம் மேலே பார்க்கும்படி வைத்து, பொத்தானை அமர்த்தினால் சிறிது நேரத்தில் திரையில் இரண்டு இலக்கங்கள் தோன்றும். ஒன்று குருதியின் ஒட்சிசன் செறிவு, சதவீதத்தில். மற்றது நிமிடத்துக்கான நாடித்துடிப்பு. பக்கத்தில் நாடியோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு கோடும், பி.ஐ. என்ற எழுத்துகளோடு, விரலில் குருதியோட்டத்தின் வலுவைக் காட்டும் சிறியதொரு இலக்கமும் இருக்கும். பெரும்பாலானோர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். அது ஒழுங்காக, ஒரே உயரத்தில் அசைந்தால் மட்டுமே மேலே உள்ள இலக்கத்துக்கு மதிப்புக் கொடுக்கலாம். கோடு குழம்பியிருந்தால், திரை 98 என்று காட்டினாலும் 78 என்று காட்டினாலும் இரண்டையும் நம்பக்கூடாது.

ஏன் அந்தக் கோட்டுக்கு இவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள, கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லவேண்டும். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் மாறிமாறிப் பாய்கின்றன. பொதுவாக ஒன்று 660 நனோமீற்றர், மற்றது 940 நனோமீற்றர் அலைநீளம் உடையது. ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின் சிவப்பு ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். ஒட்சிசனை ஏந்திய ஈமோகுளோபின் அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். மறுபக்கத்தில் வந்துசேரும் ஒளியை ஒப்பிட்டால் ஒட்சிசன் அளவு தெரியவேண்டும். ஆனால் தோல், தசை, எலும்பு, நாளக் குருதி எல்லாமே ஒளியை உறிஞ்சும் என்பதால், நாடிக்குருதி உறிஞ்சியது எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லாமல் இருந்தது. நிலையாக ஓடும் வாய்க்கால் நீரின் மேல், மதகைத் திறக்கும்போது மட்டும் ஒரு அலை எழுந்து போவதைப் போல, இதயம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் நாடிக்குருதி மட்டுமே விரலுக்குள் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்து அளந்தால் மற்றவையெல்லாம் கணக்கிலிருந்து விலகிவிடும். திரையில் அசையும் கோடு அந்த ஏற்ற இறக்கமே. அது இல்லையென்றால் அளப்பதற்கு எதுவுமில்லை.

இந்த எளிமையான உண்மையைக் கண்டவர் தக்குவோ அவோயாகி. 1936இல் யப்பானின் நீகாட்டா மாகாணத்தில் பிறந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே பொறியியல் படித்தவர். 1971இல் நிஹொன் கோடன் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் சேர்ந்தபோது அவர் தேடியது வேறொன்று. குருதியில் சாயம் ஒன்றைச் செலுத்தி, அது கரைந்து குறையும் வேகத்தைக் காதுமடலில் ஒளி பாய்ச்சி அளந்து, இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைக் கணிக்க முயன்றார். நாடித்துடிப்பு அந்த அளவீட்டைக் குழப்பிக்கொண்டே இருந்தது. இரண்டு அலைநீளங்களை எடுத்து ஒன்றால் மற்றதைச் சமப்படுத்தித் துடிப்பின் குழப்பத்தை நீக்கினார். அப்படி நீக்கிய பின்பும், குருதியின் ஒட்சிசன் மாறும்போது அந்தச் சமநிலை குலைவதைக் கவனித்தார். தன் வேலைக்கு இடையூறு என்று விலக்கிவைக்கக்கூடிய ஒன்றிலேயே புதிய அளவீடு ஒன்று இருப்பதை அவர் கண்டுகொண்டது, பொறியியலாளர் ஒருவரின் பொறுமைக்குக் கிடைத்த பெரும் பேறு என்றே நினைக்கிறேன். 1974 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அடுத்த மாதமே யப்பானிய மருத்துவப் பொறியியல் மாநாட்டில் அதை வெளியிட்டார். அதே காலத்தில் மினோல்டா நிறுவனத்தினரும் இதே எண்ணத்துக்கு வந்திருந்தார்கள். சப்போரோ நகரின் சத்திரசிகிச்சை நிபுணர் சுசுமு நக்காஜிமா முதல் கருவியை நோயாளர்களில் சோதித்துப் பார்க்க, 1975இல் ஓ.எல்.வி-5100 என்ற பெயரில் காதில் மாட்டும் கருவி விற்பனைக்கு வந்தது. 1977இல் மினோல்டாவின் கருவி விரல் நுனிக்கு இறங்கியது.

அதன்பின் அந்த வேலை யப்பானில் வேகமாக முன்னேறவில்லை. நிஹொன் கோடன் வெளிநாடுகளில் காப்புரிமை கோரவுமில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், ஒளியுமிழ் இருவாயிகளை (எல்.ஈ.டி.) கொண்டு சிறிய, உறுதியான கருவிகளைச் செய்து சத்திரசிகிச்சைக் கூடங்களுக்குள் கொண்டுபோனார்கள். அவர்களுள் மயக்க மருத்துவரான வில்லியம் நியூ ஒருவர். சில ஆண்டுகளுக்குள் மயக்க மருந்து கொடுக்கும் இடமெல்லாம் இது கட்டாயம் என்ற நிலை வந்தது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும், ஒக்சிமீற்றர் மாட்டப்பட்டு இயங்குகிறதா என்ற கேள்வி உண்டு. அவோயாகி 2020 ஏப்ரலில், உலகம் முழுவதும் மனிதர்கள் இந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருந்த அதே மாதத்தில் காலமானார்.

இனி, இந்தக் கருவி இல்லாத காலத்தைப் பற்றிச் சொல்லாமல் இதன் அருமையைச் சொல்ல முடியாது. யப்பானிய மயக்க மருத்துவத்தின் தொடக்கம் எங்கள் வேலியோரம் முளைக்கும் ஒரு செடியோடு தொடர்புடையது. ஊமத்தையை இங்கே அறியாதவர் இல்லை. பாழ்வளவிலும் குளக்கட்டிலும் தானாக வளரும். பூவைச் சிவனுக்குச் சாத்துவோம். காயைக் குழந்தைகள் தொட்டால் அடிப்போம். கீயி மாகாணத்தின் ஹிராயாமா என்ற கிராமத்தில் 1760இல் பிறந்த வைத்தியர் ஹனவோக்கா செய்ஷூ, கியோட்டோவில் சீனவழி மருந்துமுறையையும் ஒல்லாந்தர்வழி சத்திரசிகிச்சையையும் படித்து 1785இல் ஊர் திரும்பியவர். கத்தியை எடுத்தால் நோயாளி வலியால் துடிக்கிறார், துடிக்காதிருக்கச் செய்தால்தான் ஆழமான கட்டிகளை அகற்ற முடியும் என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. ஊமத்தையை முதன்மையாகவும், நஞ்சுமிக்க வசநாவி இனக் கிழங்கையும் வேறு சில மூலிகைகளையும் துணையாகவும் சேர்த்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து, சுசென்சான் என்ற குடிமருந்தை உருவாக்கினார். முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்பு அவருடைய தாயும் மனைவியும் தங்களைச் சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார்கள் என்றும், அதில் மனைவி கண்பார்வையை இழந்தார் என்றும் அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

1804இல், யப்பானியப் பழைய நாட்காட்டியின் 10ஆம் மாதம் 13ஆம் நாள், மார்பகப் புற்றுநோய் கண்ட கான் என்ற 60 வயதுப் பெண்ணுக்கு இந்த மருந்தைக் குடிக்கக் கொடுத்து, முழு மயக்கத்தில் கட்டியை அகற்றினார். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பல்வைத்தியர் மோர்ட்டன் ஈதரைக் கொண்டு மக்கள் முன்னிலையில் மயக்கம் கொடுத்துக் காட்டியது 1846 ஒக்ரோபர் 16இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது ஹனவோக்காவின் செயல். கான் சில மாதங்களில், 1805இன் தொடக்கத்தில், இறந்துபோனார். அவ்வளவு முற்றிய நோயில் அது வியப்பல்ல. ஆனால் அவர் சத்திரசிகிச்சைக்குப் பின் விழித்தெழுந்தார் என்பதே வரலாறு. அதன்பின் 150க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளருக்கு ஹனவோக்கா சிகிச்சை செய்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அவரிடம் வந்தார்கள். இன்றும் யப்பானிய மயக்க மருத்துவச் சங்கத்தின் சின்னத்தில் ஊமத்தம்பூ இருக்கிறது. ஒக்ரோபர் 13ஐ அவர்கள் மயக்க மருத்துவ நாளாகக் கொள்கிறார்கள்.

இதை வாசிக்கும்போது எனக்கு மருந்தின் பெருமையைவிட, அந்த வைத்தியர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் இருந்த நேரமே மனதில் நிற்கிறது. சுசென்சான் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு மணி நேரம் எடுக்கும். பிடித்த மயக்கம் ஆறு மணி நேரத்திலும் தெளியலாம், ஒரு நாள் முழுவதும் நீடிக்கவும் செய்யலாம். ஒருமுறை குடித்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. கூட்டவோ குறைக்கவோ முடியாது. நாடியைத் தொட்டு, மூச்சைக் கேட்டு, உதட்டின் நிறத்தைப் பார்த்திருப்பதைத் தவிர அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மருந்து கூடினால் கொல்லும், குறைந்தால் பாதியில் விழிப்பு வரும். மாணவர்களிடம் இரகசியம் காக்கும்படி இரத்தத்தில் கைச்சாத்து வாங்கினார் என்பது பலருக்குக் குறையாகப் படும். அந்த இரகசியத்தால் அவருடைய முறை நாட்டுக்கு வெளியே எவருக்கும் பயன்படாமல் போனது உண்மை, அது பெரிய இழப்பு. ஆயினும் அளவறியாதவன் கையில் ஊமத்தை என்ன செய்யும் என்பதை எங்கள் வைத்தியசாலைகளில் பார்த்த நான், அவருடைய அச்சத்தைப் புரிந்துகொள்கிறேன். ஊமத்தங்காய் உண்ட பிள்ளை கண்மணி விரிந்து, வாய் வரண்டு, காய்ந்து சிவந்த உடலோடு காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருக்கும். பூச்சிகொல்லி குடித்தவருக்கு மாற்றுமருந்தாக அற்றோபின் ஏற்றும்போது மருந்து கூடிவிட்டால் அவரும் அச்சொட்டாக அப்படித்தான் இருப்பார். ஊமத்தைக்குள் இருப்பதும் அந்த இனத்து மருந்துகளே என்பதால் அது இயல்பு. ஹனவோக்கா நோயாளியைத் தூங்கவைத்தது இதே நஞ்சைக் கொண்டுதான்.

பின்பு ஒல்லாந்தர் நூல்கள் வழியாக ஈதரும் குளோரோபோமும் யப்பானுக்கு வந்தன. சுசென்சான் மெல்ல மறைந்தது. மயக்கம் கொடுப்பது நீண்டகாலம் சத்திரசிகிச்சை நிபுணரின் உதவியாளர்களுடைய வேலையாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950இல் அமெரிக்க மயக்க மருத்துவர் மேயர் சக்லாட் அங்கு சென்று விரிவுரைகள் ஆற்றியபோதே, மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்து மயக்கம் கொடுக்கும் புதிய முறைகள் பரவத் தொடங்கின. 1952இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயோ யமாமுராவின் தலைமையில் முதல் மயக்க மருத்துவத் துறை தொடங்கியது. 1954இல் சங்கம் அமைந்தது, 1960இல் அரசு இதைத் தனித்துறையாக ஏற்றது. முழு மயக்கத்தை உலகத்துக்கு முன்பே கண்ட நாடு, அதற்கென ஒரு துறையை அமைக்க ஒன்றரை நூற்றாண்டு எடுத்தது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அதே நாட்டிலிருந்தே அவோயாகியின் கண்டுபிடிப்பு வந்தது.

வன்னியில் சத்திரசிகிச்சைக் கூடங்களில் வேலை செய்தவர்களுக்கு ஒக்சிமீற்றர் இல்லாத காலம் தெரியும். நகத்தைப் பார்ப்போம், உதட்டை மடித்துப் பார்ப்போம், காயத்திலிருந்து வரும் குருதி கருக்கிறதா என்று சத்திரசிகிச்சை செய்பவரைக் கேட்போம். கறுத்த தோலில் நீலம் பாரிப்பது எளிதில் தெரியாது. ஒட்சிசன் 80 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை பழகிய கண்ணுக்கும் அது தப்பிவிடும். குருதிச்சோகை கடுமையாக உள்ளவருக்கு நீலமே தோன்றாமல் போகலாம். இறுதிப் போர் நடந்த 2009இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பிலும் பின்னர் கடற்கரைப் பக்கமாக நகர்ந்த தற்காலிக வைத்தியசாலைகளிலும் மயக்க மருந்தே இல்லாத நிலை வந்தது. மயக்கம் சரியாகக் கிடைக்காமல் காயப்பட்டோருக்குச் சத்திரசிகிச்சை நடந்ததை நேரில் கண்டவர்கள் எங்கள் ஊர்களில் இன்றும் வாழ்கிறார்கள். அந்த நாட்களை அறிந்தவர்கள், மயக்க மருத்துவம் என்பதைப் பெரிய நகரத்து வசதி என்று ஒருபோதும் எண்ணமாட்டார்கள்.

கூடத்தில் இருக்கும் பெரிய இயந்திரத்துக்கும் என் கையில் இருக்கும் இந்தச் சிறிய கருவிக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு ஒலி. அங்கே ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு ஒலி எழும். ஒட்சிசன் இறங்க இறங்க அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். கைவேலையில் கண்ணை வைத்திருக்கும்போதே, சுருதி தாழ்வது காதில் விழுந்தவுடன் கூடத்தில் உள்ள எல்லோரும் நிமிர்ந்துவிடுவோம். நான் வாங்கிய கருவி நாடிக்கு ஒரு சிறு ஒலி எழுப்புகிறது, ஆனால் அது எப்போதும் ஒரே சுருதி. எல்லைக்குக் கீழே போனால் எழவேண்டிய அபாய ஒலியும் பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்கு மெல்லியது. ஆகவே இதை விரலில் மாட்டிவிட்டு நித்திரை கொள்ளலாம் என்று எவரும் நினைக்கவேண்டாம். இது ஒரு கணத்தை அளக்கும் கருவி. இராக்காவல் இருக்கும் கருவி அல்ல.

துல்லியத்தைப் பொறுத்தவரை எனக்குத் திருப்தியே. கையேடு, 70க்கும் 100க்கும் இடையே 2 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்கிறது. மணிக்கட்டில் விரல்வைத்து எண்ணிய நாடியோடு திரையின் நாடி ஒத்துப்போனது. வைத்தியசாலை இயந்திரத்தோடு ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து விரல்களில் மாட்டிப் பார்த்தபோதும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 70க்குக் கீழே காட்டும் இலக்கத்தை எந்த ஒக்சிமீற்றரிலும் நம்பக்கூடாது. அந்த நிலையில் இலக்கத்துக்காகக் காத்திருக்கவும் கூடாது.

குறைகளைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவற்றுட் சில எங்கள் மண்ணோடு நேரடியாகத் தொடர்புடையவை. மார்கழி விடியலில் வயலிலிருந்து வந்தவரின் குளிர்ந்த விரலில் கோடு எழவே எழாது. கையைத் தேய்த்துச் சூடாக்கிய பின்பே அளக்கவேண்டும். கலியாண வீட்டுக்கு இட்ட மருதாணி கருஞ்சிவப்பாக விரல் நுனியில் இருந்தால், வேறு விரலையோ காதுமடலையோ தேடவேண்டும். நகப்பூச்சும் அவ்வாறே. முற்றத்து வெயிலில் வைத்து அளந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து குழப்பும். துணியால் மூடிக்கொள்ள வேண்டும். கையை அசைத்தாலும் நடுங்கினாலும் கோடு குலையும்.

தோல் நிறம் பற்றியது இவற்றைவிடப் பெரிய குறை. 2020இன் இறுதியில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கருவி 92க்கும் 96க்கும் இடையில் காட்டிய வேளைகளில், உண்மையான நாடிக்குருதி அளவு 88க்குக் கீழே இருந்தமை கறுப்பின நோயாளரில் 11.7 சதவீதமாகவும் வெள்ளையின நோயாளரில் 3.6 சதவீதமாகவும் காணப்பட்டது. கருவி கறுத்த தோலில் ஒட்சிசனைக் கூட்டிக் காட்டும் இயல்புடையது என்பதே இதன் பொருள். வெயிலில் உழைத்துக் கறுத்த எங்கள் மக்களுக்கு இதைக் கணக்கில் எடுத்தேயாகவேண்டும். 93 என்று காட்டினால் பரவாயில்லை என்று ஆறுதல் கொள்ளாமல், ஆளைப் பாருங்கள்: முழு வசனம் பேச முடிகிறதா, கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பாருங்கள்.

இரண்டு இடங்களில் இந்தக் கருவி உயிராபத்தான பொய்யைச் சொல்லும். கோடையில் தண்ணீர் இறங்கிப்போனதும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவது இங்கே வழக்கம். அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டால், கருவி அதையும் ஒட்சிசன் என்றே எண்ணிவிடும். கிணற்றிலிருந்து தூக்கிய மனிதர் மயங்கிக் கிடக்க, திரை 99 என்று காட்டக்கூடும். கட்டுவிரியன் கடி மற்றது. அதன் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்யும். முதலில் கண் இமை தொங்கும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாமல் போகும், பின்பே மூச்சு அடங்கும். இலக்கம் கடைசிவரை நன்றாக இருந்து, திடீரென்று சரியும். மயக்கம் கொடுக்கும்போதும் இதையே கண்டிருக்கிறோம். முன்கூட்டியே ஒட்சிசன் நிறையக் கொடுத்தவருக்கு மூச்சு நின்ற பின்பும் சில நிமிடங்கள் திரை 100ஐக் காட்டிக்கொண்டிருக்கும். மூச்சு நின்றதை இந்தக் கருவி சொல்வதில்லை, நின்றதன் விளைவைப் பிந்திச் சொல்கிறது. பாம்பு கடித்தவரின் விரலில் இதை மாட்டிக் காத்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் ஏற்றுங்கள்.

எங்கள் வீட்டில் இதை வாங்கியது அக்காவுக்காக. விறகடுப்புப் புகையில் வாழ்நாளைக் கழித்து, நாட்பட்ட சுவாச நோய் கண்டவர். பொதுவாக 95க்கு மேல் இருப்பது நலம் என்று கருவியின் கையேடு சொல்லும். ஆனால் அவரைப் போன்ற சில நோயாளருக்கு வைத்தியர்கள் 88 முதல் 92 வரை போதும் என்று இலக்கு வைப்பார்கள். அவர்களுக்கு ஒட்சிசனை அள்ளிக்கொடுத்தால் காபனீரொட்சைட்டு தேங்கி, அதுவே மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே கருவியை வாங்கியதும் கிளினிக்குக்கு எடுத்துச் சென்று, “இவவுக்கு எத்தினைக்குக் கீழ போனா கூட்டிக்கொண்டு வரவேணும்?” என்று வைத்தியரிடம் கேட்டு, அந்த இலக்கத்தைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதிக்கொண்டோம். அக்கா சுகமாக இருக்கும் நாட்களிலும் இடைக்கிடை அளந்து எழுதுகிறோம். வழமையான இலக்கம் தெரிந்திருந்தால்தான் வழமையற்றது எது என்று தெரியும். ஒருமுறை சளிக்காய்ச்சலின்போது, முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாத வேளையில் வழமையைவிட இலக்கம் இறங்கியிருந்ததைக் கண்டு நேரத்தோடு கூட்டிச் சென்றோம். வாங்கிய காசுக்கு அந்த ஒரு நாளே போதும் என்பது என் கருத்து.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பற்றரியைப் போட்டு இயக்கிப் பாருங்கள். உங்கள் விரலில் மாட்டி, மணிக்கட்டு நாடியை எண்ணி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் வேறொன்றைக் கேளுங்கள். அசையும் கோடோ, நாடியோடு ஏறி இறங்கும் பட்டையோ இல்லாத வகையை வாங்கவேண்டாம். விரல் நுழையும் பகுதியின் இறப்பர் மென்மையாகவும் உள்ளே வெளிச்சம் புகாததாகவும் இருக்கட்டும். எனக்குக் கிடைத்த கருவியின் பற்றரி மூடி தளர்வானது. அதைத் தவிர உடலில் குறை சொல்ல இல்லை. பாவிக்காத காலத்தில் பற்றரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் கருவி பழுதாகிவிடும். குழந்தைகளின் சிறு விரலுக்கு இந்த அளவு பொருந்தாது, அவர்களுக்கென்று தனியான உணரி வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து எங்கள் பக்கத்துக் கிராமிய வைத்தியசாலைகளுக்கு உதவ விரும்பும் உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். இந்த விரல் கருவிகளை மொத்தமாக வாங்கி அனுப்புவதற்குப் பதிலாக, அதே பணத்தில், சுருதி மாறும் நாடியொலியும் உரத்த அபாய ஒலியும் மீள மின்னேற்றும் பற்றரியும் உள்ள, கையில் பிடிக்கும் வகையில் ஒன்றையேனும், பெரியவர்களுக்கும் சிசுக்களுக்குமான மாற்று உணரிகளோடு அனுப்புங்கள். அனுப்பும் முன் வைத்தியசாலையின் பொறுப்பதிகாரியோடு பேசி, அங்கே ஏற்கெனவே உள்ள இயந்திரத்தின் உணரி பழுதாகிக் கிடக்கிறதா என்று கேட்டறியுங்கள். பல இடங்களில் புதிய கருவியைவிட அந்த உணரி ஒன்றே அவசரமாகத் தேவைப்படும்.